அசெரின்ஸ்கிக்கு ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு?

ஜூன் 3, மாலை 6.45: வாசகர் கேள்வி

ஆர்.இ.எம். உறக்கத்தை (ரேப்பிட் ஐ மூவ்மென்ட், தூக்கத்தில் கண் வேகமாக ஆடும் கட்டம்) கண்டுபிடித்தவர் யூஜின் அசெரின்ஸ்கி என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கட்டுரைகள் வருகின்றன. எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போடுகிறவர்களிடமே இதைவிட நீளமான பட்டியல் இருக்கிறது. ஒரு கட்டுரை அதிர்ஷ்டத்தில் அடித்தது, அவ்வளவுதானே? மேற்கோள் எண்ணிக்கை (மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை தடவை சுட்டுகிறார்கள் என்பது), அதை வைத்துப் போடும் ஹெச்-இன்டெக்ஸ் இவற்றைவிட நேர்மையான அளவுகோல் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 3, இரவு 11.10

அதிர்ஷ்டம் என்று சொல்வதற்கு முன்னால் தம்பி ஒரு இரவு ஸ்லீப் லேபில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், டெக்னீஷியனாக. தலையைத் தேய்த்து, பேஸ்ட் தடவி, எலக்ட்ரோடு ஒட்டி, கண்ணோரம் இரண்டு, தாடையில் மூன்று என்று வயர்களை ஜடை மாதிரி பின்னிவிட்டு, அந்த ஆள் தூங்குவதற்காகக் காத்திருக்கும் வேலை. எனக்காவது கம்ப்யூட்டர் திரை இருந்தது, முப்பது நொடிக்கு ஒரு பக்கமாக ஓடும்.

அசெரின்ஸ்கிக்குக் கிடைத்தது சிகாகோ பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஆஃப்னர் டைனோகிராஃப். மைப் பேனா கிறுக்கும் பழைய மெஷின். ஒரு இரவுக்கு ஏறக்குறைய அரை மைல் காகிதம். கையில் இளங்கலைப் பட்டம்கூடக் கிடையாது, வீட்டில் குழந்தை குட்டி, பணத்துக்குத் திண்டாட்டம். சோதனைக்குப் படுக்க வைத்தது எட்டு வயது மகனை. பையன் தூங்குகிறான். கண்ணுக்கான பேனா சும்மா கிடந்தது, திடீரென்று விழித்திருப்பவன் கண்போல் ஆட ஆரம்பித்தது. அறைக்குள் போய்ப் பார்த்தால் பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

மெஷின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். எங்கள் லேபில் ஏசி நின்றுபோய் வியர்வையில் வயர் நழுவிய இரவுகளில் இதைவிட அற்புதமான அலைகளையெல்லாம் பார்த்து ‘ஆர்ட்டிஃபாக்ட்’ (கருவியால் வந்த பொய் அலை) என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இவர் விடவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 4, காலை 7.30

நேற்று அலுப்பில் முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தக் கட்டுரை 1953 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரண்டே பக்கம். அசெரின்ஸ்கி, அவருடைய வாத்தியார் நேதனியல் கிளைட்மன், இரண்டு பெயர்கள்தான். கண் வேகமாக ஆடும் நேரத்தில் 27 தடவை எழுப்பிக் கேட்டதில் 20 தடவை கனவு சொன்னார்கள். கண் அசையாத நேரத்தில் 23 தடவை எழுப்பியதில் 19 தடவை ஒன்றும் நினைவில்லை. மொத்தம் 50 எழுப்பல். இன்றைக்கு இந்த எண்ணிக்கையோடு போனால் ‘மாதிரி அளவு போதாது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜூன் 4, காலை 9.05

திருத்தம். ‘நேச்சர்’ இல்லை, ‘சயன்ஸ்’. ஒருவர் தனியாக எழுதிச் சொன்னார், நன்றி.

என் மண்டையில் ‘நேச்சர்’ ஏன் வந்தது என்று யோசித்தேன். 1950-ல் அந்த இதழில் ராபர்ட் லாசன் என்ற இயற்பியல்காரர், ரயிலில் எதிரே உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்களின் கண் சிமிட்டலைக் கவனித்து ஒரு குறிப்பு எழுதினார். அதைப் படித்த கிளைட்மன்தான் ‘குழந்தைகள் தூங்கும்போது கண் சிமிட்டலைக் கவனி’ என்று அசெரின்ஸ்கியை அனுப்பினார். அசெரின்ஸ்கிக்கு அதில் துளி ஆர்வமும் இல்லை. மாதக் கணக்கில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். சிமிட்டலில் ஒன்றும் தேறவில்லை, இமைக்குள்ளே விழி உருளுவதும் ஓய்வதும் கண்ணில் பட்டது. ஆக, ஒரு ரயில் பயணம், ஒரு வேண்டாத வேலை, அப்புறம் ஒரு பழைய மெஷின். லாசனின் அந்தக் குறிப்பை இன்றைக்கு யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

ஜூன் 4, இரவு 10.40

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: “கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எண் எங்கே?”

சரி, எண்ணுக்கு வருவோம். ஹெச்-இன்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் ஹெச் 10. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவர் ஒரே ஒரு கட்டுரை எழுதி அதை உலகமே மேற்கோள் காட்டினாலும் ஹெச் 1தான். நான் வேலை பார்த்த இடத்தில் மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரையில் நாலாவது பெயராக என் பெயரும் வந்தது, அதுவும் ஒரு எழுத்து தப்பாக. பதினொரு மேற்கோள். என் ஹெச்சும் 1. அந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அசெரின்ஸ்கியும் சமம்! வீட்டில் சொன்னேன், ‘முதலில் கேஸ் புக் பண்ணு’ என்றார்கள்.

ஜூன் 5, மதியம் 1.20

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. மேற்கோள்களை எண்ணும் தொழிலையே ஆரம்பித்து வைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. பிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1960-களில் ‘சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ என்று தடித்தடியாகப் புத்தகம் போட்டது. அந்த அச்சுப் பதிப்பில் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை முதல் ஆசிரியர் பெயரில் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது பெயர்காரர் தன் பெயரில் தேடினால் கிடைக்காது.

இதனால் அடிபட்டது யார் தெரியுமா? கிளைட்மன். 1953 கட்டுரை அசெரின்ஸ்கி கணக்கில். 1957-ல், அதே ஆய்வகத்துக்கு மாணவராக வந்த வில்லியம் டிமென்ட்டோடு எழுதிய இரண்டு பெரிய கட்டுரைகளும் டிமென்ட் கணக்கில். ஆய்வகம் கிளைட்மனுடையது. 1938-ல் கென்டக்கியின் மாமத் குகைக்குள் ஒரு மாணவரோடு 32 நாள் குடியிருந்து, 28 மணி நேர நாளுக்கு உடம்பு பழகுமா என்று தன் உடம்பிலேயே பார்த்த ஆள் அவர். மாணவருக்குப் பழகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய வாத்தியாருக்குப் பழகவில்லை. உறக்கத்தைப் பற்றி 1939-ல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தின் 1963 திருத்திய பதிப்பில் 4,337 மேற்கோள்கள். மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்த மனுஷன்.

அந்த நாட்களில் அசெரின்ஸ்கி வேலை பார்த்ததும் அதே பிலடெல்ஃபியாவில்தான், ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில். ஊருக்குள் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா சொன்னேன், இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

ஜூன் 5, இரவு 11.55

தூக்கம் வரவில்லை. (ஆமாம், சிரியுங்கள்.)

இன்றைக்கு ஒரு நரம்பியல் கட்டுரையில் ‘ஆர்.இ.எம். உறக்கம்’ என்று எழுதுகிறவர் அசெரின்ஸ்கியை மேற்கோள் காட்டுவாரா? மாட்டார். அவர் சொன்னது துறையின் பேச்சுமொழியில் கரைந்துவிட்டது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் இதைத்தான் ‘உள்வாங்கப்படுவதாலேயே அழிந்துபோவது’ என்ற பொருளில் சொன்னார். பாதியளவு வெற்றி பெற்றால் மேற்கோள் வரும், முழுதாக வெற்றி பெற்றால் வராது. பூஜ்யத்தைப் பயன்படுத்தும்போது யாருக்கு நன்றி சொல்கிறோம்?

சொல்லப்போனால் ‘ஆர்.இ.எம்.’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம்கூட அவருடையது இல்லை, டிமென்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அசெரின்ஸ்கிக்கு முதலில் ‘வெட்டி வெட்டி அசையும் (ஜெர்க்கி) கண்’ என்கிற மாதிரி ஒரு பெயர்தான் தோன்றியிருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொச்சையில் ‘மடையன்’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு, கேலி செய்வார்கள் என்று ‘வேகமான’ என்று மாற்றிக்கொண்டார்.

ஜூன் 6, காலை 8.15

அப்படியானால் உறக்கத் துறையில் மேற்கோள் யாருக்குக் குவிகிறது? என் அனுபவத்தில் பதில் சுலபம். படிவம் தயாரித்தவர்களுக்கு.

1989-ல் பிட்ஸ்பர்க்கில் டேனியல் பைசியும் சகாக்களும் ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். 19 கேள்விகள், ஏழு கூறுகள், மொத்தம் 21 மதிப்பெண், 5-க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை. 1991-ல் மெல்பர்னில் மர்ரே ஜான்ஸ் எட்டே கேள்வியில் பகல் தூக்கத்தை அளக்கும் ஒரு தாள் போட்டார், தான் வேலை பார்த்த எப்வொர்த் மருத்துவமனையின் பெயரில். உறக்க ஆராய்ச்சி செய்கிற எவரும் இந்த இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தாமல் இருப்பது கஷ்டம். பயன்படுத்தினால் மேற்கோள் காட்டியாக வேண்டும். மேற்கோள் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. குறையாகச் சொல்லவில்லை. நல்ல அளவுகோல் செய்வது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அங்கே மேற்கோள் என்பது பாராட்டு இல்லை, பஸ் டிக்கெட். ஏறினால் எடுக்க வேண்டும்.

எப்வொர்த் தாளை நான் எத்தனையோ நோயாளிகளுக்குத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறேன். எட்டாவது கேள்வி: போக்குவரத்து நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா? “எங்கிட்ட ஏதுங்க காரு, பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குவேன், அதுக்கு எத்தனை மார்க்?” என்றார் ஒருவர். இன்னொரு கேள்வி, மதுவில்லாமல் மதியச் சாப்பாடு முடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது. அதைப் படித்ததும் பக்கத்தில் இருந்த மனைவி கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த நோயாளியின் பதிலை நான் கடைசிவரை எழுதவில்லை.

ஜூன் 6, இரவு 9.30

தம்பி விடுவதாக இல்லை: “நீங்கள் சொல்வதெல்லாம் விதிவிலக்கு. சராசரியாகப் பார்த்தால் மேற்கோள் எண்ணிக்கை சரிதான்.”

யோசித்துப் பார்த்தேன். ஓரளவு அவர் பக்கம் சாய்கிறேன். ஏன் என்றால், அசெரின்ஸ்கி கதையில் நான் வசதியாக மறைத்த ஒரு பக்கம் இருக்கிறது. கட்டுரை வந்த கையோடு அவர் உறக்கத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்! போன இடம் சியாட்டில். அங்கே மின்சாரம் பாய்ந்தால் சால்மன் மீன் என்ன செய்கிறது என்று பார்த்தார். உறக்க ஆராய்ச்சியின் கதவைத் திறந்தவர் கதவு திறந்தபடி கிடக்க மீன் பிடிக்கப் போய்விட்டார் என்று நாங்கள் லேபில் கிண்டலடிப்போம்.

டிமென்ட் இருந்தார். மருத்துவ மாணவராக அந்த ஆய்வகத்தில் நுழைந்தவர், அசெரின்ஸ்கிக்கு இரவில் கூடமாட உதவியவர், 2020-ல் இறக்கும் வரை உறக்கத்தை விடவில்லை. முழு இரவும் பதிவு செய்து உறக்கத்தின் கட்டங்களைப் பிரித்துச் சுழற்சியைக் காட்டியது 1957-ல் அவரும் கிளைட்மனும். ஸ்டான்ஃபோர்டு போய் 1970-ல் உறக்கத்துக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அவர் வகுப்பில் தூங்குகிற மாணவர் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் அடிப்பார். அடிபட்டவர் எழுந்து ‘தூக்கக் கலக்கம் என்பது சிவப்பு எச்சரிக்கை’ என்று கத்த வேண்டும். கூட மதிப்பெண்ணும் உண்டு.

மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது என்றால், இருந்தவரை அளக்கிறது. நின்றவர், மாணவர் வளர்த்தவர், மாநாடு நடத்தியவர், சுற்றிலும் ஒரு ஊரையே உண்டாக்கியவர். டிமென்ட் இல்லாவிட்டால் அந்த இரண்டு பக்கக் கட்டுரை தூசி படிந்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அளவுகோல் பொய் சொல்லவில்லை. நாம்தான் கடப்பாரையை வைத்துக்கொண்டு தங்கம் நிறுக்கப் பார்க்கிறோம்.

ஜூன் 7, காலை 6.50

‘சால்மனுக்குப் போய்விட்டார்’ என்று நேற்று எழுதியது கொஞ்சம் அநியாயம். திரும்பியும் வந்தார். பிலடெல்ஃபியாவில் இருந்தபோது மறுபடி உறக்கத்தைத் தொட்டார். 1969-ல் ஒரு கட்டுரை, ஆட்களை வழக்கத்தைவிட மிக அதிக நேரம் தூங்கவிட்டு, கண் அசைவு எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்று பார்த்தது. தூக்கம் நிறைய நிறைய அடர்த்தி கூடுகிறது. தூக்கப் பசி தீர்ந்ததற்கு அது ஒரு அடையாளம் என்றார்.

எனக்கு இது 1953 கட்டுரையைவிடப் பிடிக்கும். ஸ்டடிக்கு வருகிறவர்களிடம் விடியற்காலையில் நானே பார்த்திருக்கிறேன். இரவின் முதல் ஆர்.இ.எம். சில நிமிடம்தான், கண் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளும். அஞ்சரை மணிக்கு வருவது நீளமாக இருக்கும், கண் பேனா, அதாவது எனக்குத் திரையில் கோடு, பேய் பிடித்த மாதிரி ஆடும். தாடைக் கோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். மூளை விழித்த மாதிரி இருக்க, தசை செத்தது மாதிரி கிடக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்தில் பூனைகளை வைத்து இதைக் கண்ட மிஷேல் ஜுவே ‘முரண் உறக்கம்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. முக்கியமான பலவற்றை அவர் பிரெஞ்சில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்தப் பெயர் ஜெயித்திருக்குமோ என்று அடிக்கடி தோன்றும்.

ஜூன் 7, மதியம் 2.00

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1998-ல் ஒரே மூளைப் பொருளை இரண்டு குழுக்கள் சில வார இடைவெளியில் வெளியிட்டன. ஒன்று ‘ஹைப்போக்ரெட்டின்’ என்றது, யானகிசாவாவின் குழு ‘ஒரெக்சின்’ என்றது. பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், சாப்பாட்டுக்கான பொருள் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வருடமே ஸ்டான்ஃபோர்டில் இமானுவேல் மினியோ, நடக்கும்போதே சுருண்டு விழுந்து தூங்கும் டோபர்மன், லாப்ரடார் நாய்களில் அந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு கெட்டிருப்பதைக் காட்டினார். பசிப் பொருள் விழிப்புப் பொருளாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ பரிசு யானகிசாவா, மினியோ இருவருக்கும் போனது.

பெயர்ச் சண்டை முடியவில்லை. ஒரு பெயரில் தேடினால் மறு பெயர்க் கட்டுரைகள் தப்பிவிடும். இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

நம்மவர்களுக்கு இது புதிதா என்ன. எங்கள் மருத்துவருக்கு அப்பா பெயர் இனிஷியல். ஒரு இதழில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரை முழுதாக விரித்து அதையே குடும்பப் பெயராக்கி, மறைந்த அப்பா இதயநோய் பற்றிக் கட்டுரை எழுதியதாக ஆக்கிவிட்டார்கள். பதவி உயர்வுக்குக் கணக்குக் கேட்டபோது இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று ஆளையும் ஒரே ஆளாகச் சேர்த்துக் கொடுத்தவன் நான். தம்பி, உங்கள் ‘சராசரியாகச் சரி’ என்பதில் குமார்களும் முருகன்களும் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

ஜூன் 8, இரவு 10.10

முதலில் எழுதிய 27-க்கு 20 கணக்கைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆர்.இ.எம். என்றால் கனவு என்பது இன்னும் சரிதானா?”

முழுக்க இல்லை. 1962-ல் டேவிட் ஃபோக்ஸ், அதே சிகாகோ ஆள்தான், கேள்வியை மாற்றிப் பார்த்தார். ‘கனவு கண்டாயா?’ என்று கேட்காமல் ‘மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டார். மற்றக் கட்டங்களிலும் நிறையப் பேர் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். கனவு மாதிரியும் சில. கேள்வி மாறினால் பதில் மாறுகிறது.

இதையும் மேற்கோள் கணக்கில் வையுங்கள். 1953-ஐ ‘சரி’ என்று சொன்னவரும், ‘போதாது’ என்று சொன்னவரும், படிக்காமலேயே அடுத்தவர் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியவரும் தலைக்கு ஒன்றுதான். எண்ணுகிறவருக்கு வித்தியாசம் கிடையாது.

ஜூன் 9, காலை 7.00

சிரிக்க ஒன்று. வெகுகாலம் யாரும் மேற்கோள் காட்டாமல் கிடந்து திடீரென்று பிரபலமாகும் கட்டுரைக்கு, மேற்கோள்களை ஆராய்கிற துறையில் என்ன பெயர் தெரியுமா? ‘தூங்கும் அழகி’. லைடன் பல்கலைக்கழகத்தின் வான் ரான் 2004-ல் வைத்தது. அதை எழுப்பிவிடும் பிந்தைய கட்டுரைக்கு ‘இளவரசன்’. அந்த அழகி எந்தக் கட்டத்தில் தூங்கினாள், கண் ஆடியதா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அசெரின்ஸ்கியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, இரவு 11.30

அவர் முடிவையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் இரண்டு பேர். பிற்பாடு மேற்கு வர்ஜீனியாவில் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் துறையில் இருந்தார். 1998 ஜூலையில், 77 வயதில், சான்டியாகோவுக்கு வடக்கே அவர் ஓட்டிய கார் மரத்தில் மோதி இறந்தார். வாத்தியார் கிளைட்மன் அடுத்த வருடம் காலமானார், 104 வயது. இருவருக்கும் நோபல் கிடையாது, டிமென்ட்டுக்கும் கிடையாது.

கட்டுரையை வெளியிடும் முன் கிளைட்மன் தன் சொந்த மகளைப் படுக்க வைத்துப் பதிவு எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். மாணவர் மகன் ஒரு பக்கம், வாத்தியார் மகள் மறு பக்கம். மாணவனின் வார்த்தையை நம்பவில்லை என்று அதைக் கேள்விப்பட்டபோது எரிச்சல் வந்தது. இப்போது வரவில்லை. காகிதத்தை நம்பாமல் ஆளைத் தூங்க வைத்துப் பார்த்த மேற்கோள் அது ஒன்றுதான்.

ஜூன் 11, மதியம் 12.40

தம்பி இன்று எழுதியது: ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் 1953 கட்டுரையைச் சேர்க்கப் போகிறாராம், முதலில் படித்துவிட்டு. இரண்டு பக்கம்தானே, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் கட்டுரைக்கு மேற்கோள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டாகியிருக்கிறது. ஆசையாகத் திறந்து பார்த்தேன். எங்கள் மருத்துவர்தான், தன் புதுக் கட்டுரையில் தன்னையே காட்டியிருக்கிறார். என் பெயரில் அந்த எழுத்து இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது.